ஆர்சி522 ரீடருக்கு 3.3 வோல்ட் எங்கிருந்து எடுக்கணும்?

கதவுக்காரன்:
வணக்கம் நண்பர்களே, ஆஃபீஸ் ஸ்டோர் ரூமுக்கு கார்டு காட்டினா திறக்குற பூட்டு ஒண்ணு பண்ணிட்டு இருக்கேன். ஆர்டுயினோ நானோங்கிற சின்ன கன்ட்ரோலர் போர்டு (யூஎஸ்பிக்கு சிஎச்340 சிப் போட்ட குளோன்), கார்டு படிக்குற ஆர்சி522 ரீடர், ஒரு ரிலே, பூட்டை இழுக்குற 12 வோல்ட் சொலினாய்டு. ரீடர் பின்களை நானோ பின்கள்ல மாட்டினது இப்படி: எஸ்டிஏ 10, எஸ்சிகே 13, மோசி 11, மிசோ 12, ஆர்எஸ்டி 9, பவர் நானோவோட 3.3 பின்ல இருந்து. ரீடர்ல சிவப்பு எல்இடி நல்லாவே எரியுது, ஆனா ரீடர் சிப்போட ஃபர்ம்வேர் வெர்ஷன் நம்பரை பாத்தா ஒரு தடவ ஹெக்ஸ் 92 வருது, அடுத்த தடவ 00, சில நேரம் எஃப்எஃப். 92 வர்றப்பவும் கார்டை ஒட்டி வச்சாதான் படிக்குது. 5 வோல்ட் குடுத்தா சரியாகும்னு ஒரு வீடியோல சொல்றாங்க, குடுக்கலாமா?

சால்டர்மணி:
5 வோல்ட் மட்டும் குடுத்துடாதீங்க ப்ரோ, அந்த சிப் வேலை செய்றதே 2.5ல இருந்து 3.6 வோல்ட் வரைக்கும்தான். எல்இடி எரியுறத வச்சும் எதுவும் சொல்ல முடியாது, பவர் வந்திருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். 91, 92 வந்தா ஒரிஜினல் சிப் பதில் சொல்லுதுன்னு அர்த்தம், 88 வந்தா குளோன் சிப், அதுவும் ஓடும். 00, எஃப்எஃப் வந்தா ஒயர்லயே பேச்சு போகல. மாறி மாறி வருதுன்னா முதல்ல ஹெடர் பின்னைப் (ஒயர் மாட்டுற பின் வரிசை) பாருங்க, இந்த மாட்யூல் பின் தனியா, போர்டு தனியாதான் கவர்ல வரும், சால்டர் பண்ணாம ஓட்டைல சும்மா சொருகி ஓட்டுறவங்க நிறைய பேர். எட்டு பின்னும் சால்டர் பண்ணிட்டு அப்புறம் மத்தத பேசலாம். ஜம்பர் ஒயரும் ஒரு சாண் தாண்ட வேணாம்.

வோல்டேஜ்வேலன்:
சால்டர் சரிதான், ஆனா கார்டை ஒட்டி வச்சாதான் படிக்குதுன்னு சொல்றாரே, அது எனக்கு பவர் பிரச்சனையாத்தான் படுது. ஆன்டெனா ஓட்டுற பகுதி மட்டுமே சாதாரணமா 60 மில்லிஆம்ப் இழுக்கும், 100 வரைக்கும் போகலாம். சிஎச்340 போட்ட நானோ குளோன்ல 3.3 பின் பெரும்பாலும் அந்த யூஎஸ்பி சிப்புக்குள்ள இருந்தே வருது, அதுல இவ்வளவு கரண்ட் எதிர்பார்க்கவே கூடாது. ஒரு ஏஎம்எஸ்1117 3.3 வோல்ட் ரெகுலேட்டர் போர்டு வாங்கி 5 வோல்ட்ல இருந்து தனியா எடுங்க, ரீடரோட பவர் பின்னுக்கு ஒட்டியே 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணு, 0.1 ஒண்ணு போடுங்க, கிரவுண்ட் எல்லாம் ஒண்ணா சேரணும். இன்னொண்ணு, நானோ அனுப்புற சிக்னல் 5 வோல்ட், அப்படியே குடுத்தும் பலருக்கு ஓடுது, ஆனா வருஷக்கணக்கா கதவுல இருக்கப்போற சாமானுக்கு அத நம்பாதீங்க. எஸ்டிஏ, எஸ்சிகே, மோசி, ஆர்எஸ்டி நாலுக்கும் 1கே, 2கே ரெசிஸ்டர் வச்சு 5 வோல்ட்டை 3.3 ஆக குறைக்குற டிவைடர் போடுங்க, இல்லன்னா லெவல் ஷிஃப்டர். மிசோக்கு வேணாம், ரீடர் தர்ற 3.3ஐ நானோ புரிஞ்சுக்கும்.

கதவுக்காரன்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. சால்டர் பண்ணதும் 92 நிலையா வந்துச்சு, ரெகுலேட்டர் மாத்தினதும் ரெண்டு விரல் அகலம் தள்ளியே படிக்குது. இப்ப பூட்டு இழுக்குற நேரத்துல நானோ ரீஸ்டார்ட் ஆகுது, சில நேரம் ரீடர் அப்படியே நின்னுடுது. எல்லாமே ஒரே 12 வோல்ட் அடாப்டர்லதான் இருக்கு.

பழைய_எலக்ட்ரீசியன்:
தம்பி, சொலினாய்டு இழுக்குறப்ப அடாப்டர் வோல்டேஜ் இறங்குது, விடுறப்ப காயில்ல இருந்து ஸ்பைக் அடிக்குது, ரெண்டும் சேர்ந்துதான் இந்த வேலை. காயில் குறுக்கே 1என்4007 டயோடு, கோடு போட்ட பக்கம் பிளஸ்ல. சொலினாய்டு பிளேட்ல எத்தனை ஆம்ப்னு பாத்து அதுக்கு மேல தாங்குற அடாப்டரா போடு, நானோக்கு வின் பின்ல 12 குடுக்காம பக் கன்வெர்ட்டர்ல 5 ஆக்கி குடு, இல்லன்னா உள்ள இருக்குற ரெகுலேட்டர் கொதிக்கும். பூட்டு திரும்ப விழுந்ததும் புரோகிராம் கோட்ல ரீடரை ஒரு தடவ மறுபடி இனிட் பண்ணு (முதல்ல இருந்து ஸ்டார்ட் பண்ற மாதிரி), நின்னு போனாலும் எழுந்துக்கும். ரீடரை இரும்புக் கதவு மேல நேரா ஒட்டாத, படிக்குற தூரம் சுத்தமா போயிடும், பக்கத்து சுவத்துல பிளாஸ்டிக் டப்பால வை. அப்புறம் இந்த மாதிரி சொலினாய்டு பெரும்பாலும் கரண்ட் போனா பூட்டியேதான் இருக்கும், ஸ்டோர் ரூம் உள்ள ஆள் இருக்குறப்ப கரண்ட் போச்சுன்னா என்ன பண்ணுவ? உள் பக்கம் கையால திறக்குற தாழ்ப்பாள் வச்சுட்டு அப்புறம் கதவுல மாட்டு.