ஆர்எக்ஸ் 580ஐக் கழற்றி 6500 எக்ஸ்டி போட்டேன், வேகம் குறைந்துவிட்டது! உதவி தேவை

மாம்பழம்97
வணக்கம். அஞ்சு வருஷமாக ஆர்எக்ஸ் 580 கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருந்தேன். ஃபேன் சத்தம் தாங்கவில்லை, கார்டும் பழசு. அதனால் புதிதாக ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வாங்கிப் போட்டேன். 580 எங்கே, 6500 எங்கே! ஆனால் ஃபோர்ஸா ஹொரைசன் 5 கார் ரேஸ் கேமில் முன்பு நொடிக்கு 60 ஃபிரேமுக்கு மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது, இப்போது 40க்கும் 15க்கும் தாவுகிறது. ஊருக்குள் நுழைந்து வண்டியைத் திருப்பினால் படம் அப்படியே நின்று, அப்புறம் ஓடுகிறது. கார்டு பழுதா? ஏழு நாளுக்குள் சொன்னால்தான் கடையில் மாற்றித் தருவார்கள். சீக்கிரம் சொல்லுங்கள்.

டெல்டாக்காரன்
என்ன ப்ராசசர், என்ன மதர்போர்டு, ரேம் எவ்வளவு? 580 நாலு ஜிபியா, எட்டு ஜிபியா? ஜாதகமே தராமல் பொருத்தம் பார்க்கச் சொன்னால் எப்படி நண்பா?

வயர்மேன்
எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை. வேறு எதுவும் இல்லை. மாற்றிப் பாருங்கள்.

டெல்டாக்காரன்
வயர்மேன் அண்ணா, மவுஸ் வேலை செய்யவில்லை என்று சொன்னவரிடமும் இதையேதான் சொன்னீர்கள். 580க்கு 185 வாட், 6500 எக்ஸ்டிக்கு 107 வாட். பெரியதைச் சுமந்த எஸ்எம்பிஎஸ் சின்னதைச் சுமக்காதா?

வயர்மேன்
பழசானால் எதுவும் சுமக்காது. நான் பார்த்திருக்கிறேன்.

சிலிக்கான்சித்தர்
தம்பி, இதற்கு இங்கே எத்தனையோ முறை பதில் சொல்லியாகிவிட்டது. கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். சேஃப் மோடில் போய் டிடியு என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளை வைத்துப் பழைய டிரைவரைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடவும். கதை முடிந்தது.

மாம்பழம்97
டிடியு நேற்றே போட்டுவிட்டேன், ஒரு மாற்றமும் இல்லை. போர்டு பி550, ரேம் 16 ஜிபி, ரெண்டு குச்சி. பழைய 580 எட்டு ஜிபி. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், வாலரண்ட் கேம் மட்டும் பழையபடி ஜோராக ஓடுகிறது.

கரிசல்காடு
அந்தக் கடைசி வரியைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

கார்டு பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. பெயரைப் பார்த்து ஏமாந்திருக்கிறீர்கள். 6500 என்பதில் முன்னால் இருக்கும் 6 தலைமுறையைச் சொல்கிறது. அதற்கு அடுத்த எண்தான் அந்தத் தலைமுறைக்குள் கார்டின் தரம். உங்கள் 580 தன் தலைமுறையில் மேல்வரிசை, 6500 எக்ஸ்டி கடைசி வரிசைக்குப் பக்கம். 580 வந்தது 2017இல்: 2304 கோர், 256 பிட் மெமரி, நொடிக்கு 256 ஜிபி. 6500 எக்ஸ்டி வந்தது 2022 ஜனவரியில்: 1024 கோர், 64 பிட், நொடிக்கு 144 ஜிபி. கோர் எண்ணிக்கையை மட்டும் வைத்து இரண்டு தலைமுறைகளை ஒப்பிடக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். புதிய சிப்பின் கடிகார வேகம் பழையதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, கூடவே சிப்புக்குள்ளேயே 16 எம்பி கேஷ் மெமரியும் இருக்கிறது. வாலரண்ட் தடுமாறாமல் ஓடுவது அதனால்தான்.

அடி விழுவது வேறு இடத்தில். இதில் மெமரி 4 ஜிபிதான். ஃபோர்ஸா அதை நிரப்பிவிட்டால் மிச்ச டெக்ஸ்சர்களை (பொருள்களின் மேல் ஒட்டும் படங்களை) சிஸ்டம் ரேமிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். கார்டுக்கும் ரேமுக்கும் நடுவே ஸ்லாட் வழியாகப் போகும் பாதையில் 580க்கு 16 லேன், அதாவது 16 தடம். இதற்கு வெறும் 4. ஸ்லாட், பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற இணைப்பு முறையின் 4.0 பதிப்பு வேகத்தில் ஓடினால் நொடிக்கு 8 ஜிபி, 3.0 என்றால் 4 ஜிபி. பழைய கார்டுக்கு 3.0இலேயே 16 ஜிபி கிடைத்தது. நீங்கள் சொல்லும் அந்த உறைதல், டெக்ஸ்சர் அந்தச் சந்துக்குள் வரிசையில் நிற்கும் நேரம்.

சிலிக்கான்சித்தர்
நீளமாக எழுதினால் சரியாகிவிடாது. அவர் போர்டு பி550, அதாவது 4.0. நீங்கள் சொல்வது பழைய பி450 போர்டுக்குப் பொருந்தும். முதலில் அவர் எழுதியதைப் படியுங்கள்.

யாழ்நிலா
மானிட்டர் வயரை போர்டின் பின்னால் செருகாமல் கார்டில்தான் செருகியிருக்கிறீர்கள் என்று நம்புகிறேன் 🙂 அப்புறம், டெல்டாக்காரன் கேட்ட ப்ராசசர் பெயர் இன்னும் வரவில்லை.

மாம்பழம்97
கார்டில்தான் அக்கா. ரைசன் 5 5600ஜி. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கரிசல்காடு
அதுதான் சம்பந்தம்! முதல் ஸ்லாட்டின் லேன்கள் போர்டின் சிப்செட்டிலிருந்து வருவதில்லை, நேராக ப்ராசசரிலிருந்து வருகின்றன. 5600ஜி கொடுப்பது 3.0 மட்டுமே. ஜி இல்லாத 5600 என்றால் 4.0. போர்டு பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது 3.0இல் 4 லேன்.

கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து 'பஸ் இன்டர்ஃபேஸ்' கட்டத்தைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது கார்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கும், அதை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓடவிட்டுப் படியுங்கள். அப்புறம் கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் 'ஷேர்டு ஜிபியு மெமரி' ஏறுகிறதா என்றும் பாருங்கள். ஏறினால், கார்டின் மெமரி நிரம்பிக் கொட்டி வழிகிறது என்று அர்த்தம்.

சிலிக்கான்சித்தர்
5600ஜி என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

ரெண்டாம்கை
இதனால்தான் புதுசு பக்கமே போகாதீர்கள் என்கிறேன். இன்னும் என்விடியாவின் 1080 டிஐ வைத்திருக்கிறேன். 2017இல் வந்த கார்டு, 11 ஜிபி, 352 பிட். இன்றைக்கும் சிங்கம்.

டெல்டாக்காரன்
சிங்கம்தான், தீனியும் சிங்கத் தீனி. 250 வாட். 2023இல் வந்த என்விடியா 4060 கிட்டத்தட்ட அதே வேகத்தை 115 வாட்டில் தருகிறது. மே மாதம் அறைக்குள் 1080 டிஐ ஓட்டினால் ஏசி பில்லையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ரெண்டாம்கை
எனக்கு ஏசியே இல்லை. அந்த 4060க்கு எத்தனை ஜிபி, எத்தனை பிட்? 8 ஜிபி, 128 பிட். ஆறு வருஷம் கழித்து மெமரியைக் குறைத்துக் கொடுத்ததற்குக் கைதட்ட வேண்டுமா?

டெல்டாக்காரன்
பிட்டை எண்ணியா கேம் ஆடுகிறீர்கள்? 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமுக்கு, ஒளி போகும் பாதையைக் கணக்கிடும் ரே டிரேசிங் ஹார்டுவேர் கட்டாயம். உங்கள் சிங்கத்துக்கு அது கிடையாது.

ரெண்டாம்கை
அந்த கேம் எனக்கு வேண்டாம்.

வயர்மேன்
1080 டிஐக்கு நல்ல எஸ்எம்பிஎஸ் வேண்டும்.

யாழ்நிலா
இழை யாருடையது என்று மறந்துவிட்டோம். மாம்பழம், கேம் ஆடுவதைப் பதிவு செய்யும் வழக்கம் உண்டா? 580இல் பதிவைச் சுருக்கிச் சேமிக்கும் எச்.264 வீடியோ என்கோடர் இருந்தது. 6500 எக்ஸ்டியில் அதை வைக்கவே இல்லை. லேப்டாப்பை மனதில் வைத்துச் செய்த சிப் இது, அங்கே அந்த வேலையை ப்ராசசர் பக்கம் பார்த்துக்கொள்ளும். கடையில் கெடு முடிவதற்குள் இதையும் யோசித்து முடிவெடுங்கள்.

கரிசல்காடு
கார்டை மாற்ற முடியாவிட்டால் டெக்ஸ்சரை மட்டும் ஒரு படி, இரண்டு படி இறக்குங்கள். நிழல், புல் எல்லாம் இருக்கிறபடியே இருக்கட்டும். மெமரி 4 ஜிபிக்குள் அடங்கிவிட்டால் பாதை குறுகலாக இருந்தாலும் பெரிதாகத் தெரியாது. 580 கையில் இருக்கிறதா? இருந்தால் தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றி, ஃபேனை மட்டும் புதிதாகப் போடுங்கள். அதுதான் மலிவு.

மாம்பழம்97
பார்த்தேன். 16 லேன் 4.0 என்றெல்லாம் இல்லை, 4 லேன் 3.0 என்றுதான் காட்டுகிறது. டெக்ஸ்சரை மீடியத்துக்கு இறக்கினேன், உறைவது நின்றுவிட்டது. பழுது இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். 580ஐ சித்தப்பா மகனுக்குக் கொடுத்துவிட்டேன். திரும்பக் கேட்டால், "அண்ணா, சூப்பரா ஓடுது, தர முடியாது" என்கிறான்.

கேமைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் மென்பொருளில் பழைய என்கோடர் பெயரைக் காணோமே என்று மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன் அக்கா. அதற்குத் தனி இழை போடுகிறேன். நன்றி.

சிலிக்கான்சித்தர்
போடுவதற்கு முன் தேடிப் பார்க்கவும்.