பிவி92 ஆலு பிசிஆர்: கனபேருக்கு பாண்டே இல்லை, ரெண்டு பேருக்கு மூண்டு பாண்ட்

சுழியன்_கொக்குவில்
ஆராவது கெதியாச் சொல்லுங்கோ, நாளைக்குக் காலமை திரும்ப ஓட்ட வேணும். வாய் கொப்பளிச்ச தண்ணியில டிஎன்ஏ எடுத்து பிவி92 பிசிஆர் (டிஎன்ஏத் துண்டைப் படியெடுத்துப் பெருக்கிறது) செய்தது, வழமையான முறைதான். பிவி92 எண்ட இடத்தில ஆலு எண்ட குட்டி டிஎன்ஏத் துண்டு இருக்கோ இல்லையோ எண்டு பாக்கிறது. லாடர் (அளவு பாக்கிற டிஎன்ஏ) ஜெல்லில வடிவா ஓடியிருக்கு. கன லேன் (ஒரு ஆளின்ர மாதிரி ஓடுற வரிசை) வெறுமை, பாண்ட் (டிஎன்ஏக் கோடு) ஒண்டும் இல்லை. ரெண்டு லேனில மட்டும் மூண்டு பாண்ட், ஒரு ஆளுக்கு ஆகக்கூட ரெண்டுதானே வரவேணும். கலப்படமோ?

ஜெல்பெட்டி
வழமையான முறை எண்டால் எது? கீலெக்ஸோ (டிஎன்ஏ எடுக்கப் பாவிக்கிற பிசின் மணி)? எத்தினை சைக்கிள் (சூடாக்கிக் குளிராக்கிற சுற்று)? கொன்ட்ரோல் (விடை முதலே தெரிஞ்ச டிஎன்ஏ) வேலை செய்ததோ? மூண்டு பாண்டும் எந்தெந்த அளவில நிக்குது?

கிணத்தடி
பஃபரை என்ன தண்ணியில கலக்கினனீங்கள்? எங்கட சுண்ணக்கல் கிணத்துத் தண்ணியெண்டால் உப்புக் கூடி, கரண்ட் ஏறி, ஜெல் சூடாகிப் பாண்ட் இழுபடும்.

ஜெல்பெட்டி
லாடர் வடிவா ஓடினதாம். தண்ணியை விடுங்கோ.

பேராசான்
தம்பி, இது முதலாம் வருசப் பாடம். ஆலு பாயிற மூலகம், இடம் மாறுற டிஎன்ஏ. சில கலத்தில வெட்டுப்பட்டு வேற இடத்துக்குப் போயிருக்கும், அதான் பாண்ட் கூடுது. புத்தகத்தை ஒருக்கா விரிச்சுப் பாரும்.

மல்லாகம்_மரபு
அண்ணை, வெட்டி ஒட்டுறது சோளத்து ஏசி, டிஎஸ் எண்ட பாயிற மூலகங்கள் மாதிரியானது. ஆலு பிரதியெடுத்து ஒட்டுறது. ஆர்என்ஏ பொலிமரேஸ் 3 எண்ட நொதியம் ஆலுவை ஆர்என்ஏயாப் படியெடுக்கும். லைன்-1 எண்ட இன்னொரு பாயிற மூலகம் செய்யிற புரதம் டிடிடிடிஏஏ போல எழுத்து வரிசை உள்ள ஒரு இடத்தில ஒரு இழையை வெட்டும். அந்த முனையில ஆலு ஆர்என்ஏயின்ர ஏ வால் பொருந்த, அங்கயே தலைகீழ்ப் படியெடுப்பு (ஆர்என்ஏயைப் பாத்து டிஎன்ஏ செய்யிறது) தொடங்கும். பழைய பிரதி இருந்த இடத்தை விட்டு அசையாது. பிவி92 பாண்ட் 641 சோடி (டிஎன்ஏ எழுத்துச் சோடி) எண்டால் ஆலு அங்க வந்ததேயில்லை, 941 எண்டால் சுமார் 300 சோடி கூட.

பேராசான்
லைன்-1 இல்லாமல் ஏலாததைப் பாயிற மூலகம் எண்டு சொல்லுறதே பிழை.

மல்லாகம்_மரபு
முதல் அதைச் சொன்னது நீங்கள்தானே. தன்னாட்சியில்லாத மூலகம், அதாவது வேற மூலகத்தின்ர புரதத்தால பாயிறது, எண்டு ஒரு வகை இருக்கு. புரதம் ஒண்டும் செய்யாமலே மனிச மரபணுத்தொகுதியில 10 லட்சத்துக்கு மேல பிரதி.

சுழியன்_கொக்குவில்
கீலெக்ஸ்தான். 40 சைக்கிள், 60 பாகை. கொன்ட்ரோல் சரி. 641, 941, அதுக்கு மேல ஒண்டு. முதல் நாள் பிரிட்ஜில வைச்ச ரியூபைக் குலுக்கிட்டு 20 மைக்ரோலீற்றர் எடுத்தனான்.

ஜெல்பெட்டி
குலுக்கினதுதான் வில்லங்கம். கீலெக்ஸ் மணி மக்னீசியத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும். மணி பிசிஆர் ரியூபுக்கை போனால் பிசிஆர் நொதியமான டாக் பொலிமரேஸுக்கு மக்னீசியம் இல்லை, பாண்டும் இல்லை. கொன்ட்ரோல் டிஎன்ஏயில மணி இல்லாததால அது தப்பினது. பழைய ரியூபுகளை 6000 ஜியில 5 நிமிசம் திரும்பச் சுத்தி, மேல் தண்ணியை மாத்திரம் எடுங்கோ. பிப்பெற் நுனியை அடிக்கு விடாதேங்கோ, மணி கண்ணுக்குத் தெரிஞ்சால் திரும்பச் சுத்துங்கோ.

மூண்டாவது பாண்ட் பெரும்பாலும் கலப்படமில்லை. அந்த ரெண்டு பேரும் கலப்பு மரபினர், ஒரு பிரதியில ஆலு இருக்கு, மற்றதில இல்லை. கடைசிச் சைக்கிள்களில பிரைமர் (படியெடுப்பைத் தொடக்கிற குட்டி இழை) குறைய, 941 இழை 641 இழையோட சேரும். ஆலுத் துண்டு வளையமா வெளிய துருத்தும், அதால ஜெல்லில மெதுவா ஊரும். உறுதி வேணுமெண்டால் விளைபொருளைப் பத்து மடங்கு ஐதாக்கி, புது மிக்ஸில 3 சைக்கிள் ஓட்டுங்கோ. மேல் பாண்ட் மங்கவேணும்.

72 பாகையில 2 நிமிசத்தைக் குறைக்காதேங்கோ. குட்டித் துண்டுதான் முந்திப் பெருகும், 941 அடிபட்டுப்போகும்.

சுழியன்_கொக்குவில்
சுத்தி ஓட்டினது, வெறும் லேனெல்லாம் பாண்ட் வந்திட்டுது. 3 சைக்கிளுக்குப் பிறகு மேல் பாண்டும் மங்கிட்டுது. நன்றி.

கிணத்தடி
பஃபர் தண்ணியை மாத்தினனீங்களோ?