ப்ரேகோ: இத்தாலிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

இந்த வருஷம் படிக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரே ஒரு சொல். 'ப்ரேகோ' என்பது நன்றிக்குப் பதிலாக வரும் 'பரவாயில்லை' என்று மொபைல் ஆப்பில் படித்துவிட்டு வந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன்.

டொரினோவில் முதல் வாரம். ரொட்டிக் கடையில் என் முறை வந்ததும் அந்த அம்மா என்னைப் பார்த்து "ப்ரேகோ?" என்றார். நான் இன்னும் நன்றியே சொல்லவில்லையே! சரி, பாக்கி வைக்க வேண்டாம் என்று "க்ராட்சியே" என்றேன். அவர் மறுபடியும் "ப்ரேகோ?" நான் மறுபடியும் "க்ராட்சியே". பின்னால் நின்ற தாத்தா சிரித்தேவிட்டார். அவர் கேட்டது "சொல்லுங்க, என்ன வேணும்?", அவ்வளவுதான்.

ப்ரேகோவின் நேர்ப்பொருள் 'வேண்டுகிறேன்'. ஒருவரிடம் பணிவாகக் கேட்பதற்கும் சாமியிடம் வேண்டுவதற்கும் இத்தாலியனில் ஒரே வினை, ப்ரெகாரே. நம் 'வேண்டுதல்' மாதிரியே. அதனால்தான் இதை எங்கே வேண்டுமானாலும் போடுகிறார்கள். கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னால் "நீங்க முதல்ல போங்க". டாக்டர் அறையில் "ப்ரேகோ, சி அக்கோமொதி" என்றால் "வாங்க, உட்காருங்க". நீங்கள் பேசியது காதில் விழாமல் கேள்வி மாதிரி இழுத்துக் கேட்டால் "என்ன சொன்னீங்க?" உங்கள் உச்சரிப்பு மோசம் என்று அர்த்தமில்லை, பயப்படாமல் திரும்பச் சொல்லுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். நீங்கள் ஏதாவது கேட்கும்போது 'ப்ளீஸ்' என்ற இடத்தில் ப்ரேகோ போடாதீர்கள். அதற்கு 'பெர் ஃபவோரே'. ஜெர்மனியில் இருந்துவிட்டு வருபவர்கள் இதில் சறுக்க வாய்ப்பு அதிகம். அங்கே 'பிட்டே' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் ஓடும்.

எந்த ப்ரேகோ என்று குழப்பமா? கையைப் பாருங்கள். உள்ளங்கை கதவுப் பக்கம் நீண்டால் போகச் சொல்கிறார், நாற்காலிப் பக்கம் என்றால் உட்காரச் சொல்கிறார். கை கல்லா மேல் இருந்து புருவம் மட்டும் தூக்கினால் ஆர்டரைச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், கடையில் கிராம் கணக்குச் சொல்லித் திணற வேண்டாம். நூறு கிராமுக்கு 'உன் எத்தோ' என்பார்கள். இப்போதெல்லாம் அந்த அம்மா "ப்ரேகோ" என்றதும் "உன் எத்தோ தி கிரிஸ்ஸீனி, பெர் ஃபவோரே" என்கிறேன் (கிரிஸ்ஸீனி என்றால் மொறுமொறு குச்சி ரொட்டி). க்ராட்சியே பொட்டலம் கைக்கு வந்த பிறகுதான்.