ரிட்டர்ன் கோடு வேண்டும், ஆனால் மொத்த வரிசையும் வேண்டாம்: வழி உண்டா?

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையின் பில்லிங் மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். தரவுத்தளம் எஸ்க்யூஎல் சர்வர் 2019 எக்ஸ்பிரஸ்; நிரல் சி ஷார்ப், டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8. முன்பு இருந்தவர் எழுதிய ஸ்டோர்டு புரொசீஜர் (தரவுத்தளத்திலேயே சேமித்து வைத்த நிரல்) ஒன்று சரக்குப் பட்டியலை செலக்ட் செய்துவிட்டு, கடைசியில் ரிட்டர்ன் கோடு, அதாவது முடிவைச் சொல்லும் ஓர் எண், தருகிறது: 0 என்றால் சரி, 1 இருப்பு குறைவு, 2 கணக்கு முடித்த ஆண்டு. தரவுத்தளத்தோடு வரும் கருவியான மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் நேரடியாக ஓட்டினால் கோடு ஒழுங்காக வருகிறது. போன வாரம் அதைத் திரையில் காட்டக் கேட்டார்கள், அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

அந்தக் கோடை வாங்க சி ஷார்ப்பில் ரிட்டர்ன்வேல்யூ பாராமீட்டர் வைத்தாயிற்று. வரிசைகளை ஒவ்வொன்றாகப் படிக்கும் டேட்டாரீடரை மூடிய பிறகுதான் அதில் எண் விழும், அது தெரியும். ஆனால் திரைக்கு முதல் 50 வரிசை போதும். நடுவில் குளோஸ் கொடுத்தால், மிச்ச வரிசை அத்தனையும் வந்து தீரும்வரை திரை அப்படியே நிற்கிறது. துவரம்பருப்பு மூட்டைக்கு பில் போட வந்தவர் கவுண்டரில் நிற்கிறார், முதலாளி என்னை முறைக்கிறார். சரி என்று குளோஸுக்கு முன் கேன்சல் கொடுத்து கட்டளையையே நிறுத்தினேன். உடனே முடிகிறது, கோடுதான் வருவதில்லை. புரொசீஜரின் சோதனை நகலில் கோடை அவுட்புட் பாராமீட்டராக மாற்றியும் பார்த்தேன், அதே கதை. வரிசைகளை நம்மிடம் தராத எக்ஸிக்யூட்நான்க்வெரி அழைப்பும் அவற்றை முழுக்க இழுத்துத்தான் கோடு தருகிறது.

புரொசீஜரை மாற்ற அனுமதி இல்லை, கணக்காளரின் ரிப்போர்ட்டும் அதையே அழைக்கிறது.

புரொசீஜரைத் தொடாமல், எல்லா வரிசையும் வந்து முடியக் காத்திருக்காமல், அந்த ரிட்டர்ன் கோடை எப்படி வாங்குவது?