ஹௌப்ட்வெர்க் சாம்பிள் செட் கிராண்ட்ஆர்க்கில் திறக்குமா? கூடவே ரேம், வெடிப்புச் சத்தம், பெடல் சிக்கல்

இரட்டைமேனுவல்:

வணக்கம். வீட்டுப் பயிற்சிக்காக மெய்நிகர் குழாய் ஆர்கன் ஒன்றை அமைத்துக்கொண்டிருக்கிறேன். கையில் இருப்பவை: 61 கட்டை மிடி (இசைக்கருவியைக் கணினியோடு இணைக்கும் முறை) கீபோர்டு இரண்டு, பழைய டிஜிட்டல் ஆர்கனிலிருந்து எடுத்து மிடி போட்ட 30 கட்டை பெடல்போர்டு, ஒரு ஸ்வெல் பெடல் (குழாய்ப் பெட்டியைத் திறந்து மூடி ஒலியளவை மாற்றுவது), 4 கோர், 16 ஜிபி ரேம் லேப்டாப். விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் அதில் உண்டு. மென்பொருள் கிராண்ட்ஆர்க்.

1. ஹௌப்ட்வெர்க் என்ற இன்னொரு ஆர்கன் மென்பொருளுக்கானது என்று போட்டிருந்த, 28 ஸ்டாப் (குழாய் வரிசைகளை ஒலிக்கவைக்கும் இழுப்பான்) கொண்ட சாம்பிள் செட்டை இறக்கினேன். கிராண்ட்ஆர்க் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. உள்ளே இருப்பது வேவ் ஃபைல்தானே, ஏன் திறக்கவில்லை?

2. கிராண்ட்ஆர்க்குக்கென்றே வந்த இன்னொரு செட்: 30 ரேங்க் (ஒரே ஒலிவகைக் குழாய்களின் வரிசை), 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், முன் ஒலி (ஆர்கனுக்கு அருகில்) பின் ஒலி (தள்ளி) என இரண்டு பதிவு. ஏற்றும்போது ரேம் போதவில்லை என்று பாதியில் நின்றுவிடுகிறது.

3. 14 ஸ்டாப் கொண்ட சின்ன செட் நன்றாக ஏறுகிறது. ஆனால் எல்லா ஸ்டாப்பையும் இழுத்து வேகமாக வாசித்தால் பட்பட்டென்று வெடிப்புச் சத்தம். பஃபர் (ஒலியைத் தேக்கி அனுப்பும் அளவு) 256 சாம்பிள்.

4. பெடல் ஒரு ஆக்டேவ் மேலே ஒலிக்கிறது. மேனுவலில் (கையால் வாசிக்கும் கட்டைவரிசையில்) மேலே உள்ள 5 கட்டைகள் ஊமை. ஸ்வெல் பெடலைக் கால்வாசி அழுத்தினாலே பெட்டி முழுதாகத் திறந்துவிடுகிறது.

எதை முதலில் சரிசெய்வது?


காற்றுப்பெட்டி:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பணத்தை வீணாக்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

சாம்பிள் செட் என்பது இரண்டு பொருள் சேர்ந்தது. ஒன்று குழாய்களின் ஒலிப்பதிவு. மற்றொன்று ஆர்கன் வரையறைக் கோப்பு, அதாவது ஓடிஎஃப்: எந்தக் கட்டைக்கு எந்தக் குழாய், எந்த ஸ்டாப் எந்த ரேங்கை இழுக்கும், கப்ளர் (ஒரு கட்டைவரிசையை இன்னொன்றோடு இணைப்பது), ஸ்வெல் பெட்டி, திரைப் படம் எல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். கிராண்ட்ஆர்க்கின் ஓடிஎஃப் சாதாரண எழுத்துக் கோப்பு. நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். ஹௌப்ட்வெர்க்கின் இன்றைய ஓடிஎஃப் எக்ஸ்எம்எல். அமைப்பே வேறு என்பதால் ஒலிப்பதிவு திறந்த வேவ் ஆக இருந்தாலும் கிராண்ட்ஆர்க்குக்கு அது புரியாது.

அடுத்தது பூட்டு. விலைக்கு விற்கும் ஹௌப்ட்வெர்க் செட்டுகளில் பல மறையாக்கம் செய்யப்பட்டவை. 5ஆம் பதிப்பிலிருந்து ஹௌப்ட்வெர்க் ஐலாக் என்ற உரிம முறைக்கு மாறியது; அதற்கு முன் யூஎஸ்பி டாங்கிள், அதாவது கணினியில் செருகும் உரிமச் சாவி. பூட்டிய செட்டை வேறு மென்பொருளில் திறக்க நேர்மையான வழி கிடையாது. பழைய டாங்கிளோடு யாராவது செட் விற்க வந்தால், அந்த உரிமம் புதிய பதிப்புக்கு மாறுமா என்று செட் தயாரித்தவரிடம் எழுத்தில் கேட்டபிறகே வாங்குங்கள்.

நீங்கள் இறக்கியதைச் சோதிப்பது எளிது. ஹௌப்ட்வெர்க் பொட்டலம் உண்மையில் ரார் காப்பகம். ஒரு நகலைப் பிரித்து, ஏதாவது ஒரு குழாயின் வேவ் ஃபைலை ஆடியோ எடிட்டரில் திறந்து பாருங்கள். ஒலித்தால் பூட்டில்லாதது, திறக்கவே மறுத்தால் பூட்டியது என்று வைத்துக்கொள்ளலாம். பூட்டில்லாததாக இருந்து, செட்டின் உரிம விதியும் இடம் கொடுத்தால், ஓடிஎஃப்எடிட் போன்ற இலவசக் கருவியால் கிராண்ட்ஆர்க்குக்கு வரையறை உருவாக்கலாம். ரேங்கும் ஸ்டாப்பும் பெரும்பாலும் ஒழுங்காக வந்துவிடும். டிரெமுலன்ட் (ஒலியை நடுங்கவைப்பது), திரைத் தளவமைப்பு, விசேஷ கப்ளர் ஆகியவற்றைக் கையால் திருத்த வேண்டியிருக்கும். ஒரு மாலையில் முடிகிற வேலை என்று நினைக்க வேண்டாம்.

திசை மாறினாலும் இதே கதைதான்: கிராண்ட்ஆர்க் ஓடிஎஃப்பை இன்றைய ஹௌப்ட்வெர்க் அப்படியே ஏற்காது. ஹௌப்ட்வெர்க்குக்குள்ளேயே புதிய பதிப்புக்கு எழுதிய செட் பழைய பதிப்பில் திறக்காமல் போகலாம். எனவே மென்பொருளை முதலில் முடிவுசெய்யுங்கள், பிறகு செட்டைத் தேடுங்கள். அதே ஆர்கனை இரண்டு மென்பொருளுக்கும் தனித்தனியாக வெளியிடும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். இறக்கும் பக்கத்தில் எந்த வடிவம் என்று பார்த்தாலே போதும்.

பாகம் பாகமாக வரும் ரார் என்றால் எல்லாப் பாகமும் ஒரே ஃபோல்டரில், பெயர் மாறாமல் இருக்க வேண்டும். முதல் பாகத்தை மட்டும் திறந்தால் மற்றவை தாமாக வரும். பென் டிரைவ் ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் அதில் ஏறாது.


பிரின்சிபல்8:

ரேம் விஷயத்தில் ஊகம் தேவையில்லை, கணக்குப் போட்டே பார்க்கலாம்.

48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ, 24 பிட் என்றால் ஒரு நொடிக்கு 48,000 × 2 × 3 = 2,88,000 பைட். ஒரு குழாய்க்குத் தொடக்கமும் நீட்டிப்பும் சேர்ந்து 6 நொடி, அதோடு எதிரொலியுடன் தலா 5 நொடி கொண்ட மூன்று ரிலீஸ் (கட்டையை விட்டபின் கேட்கும் ஒலியின் பதிவு) என்றால் 15 நொடி. மொத்தம் 21 நொடி, சுமார் 6 எம்பி. ரேங்குக்குச் சராசரி 50 குழாய், 30 ரேங்க், ஆக 1500 குழாய். முன் ஒலி மட்டுமே 9 ஜிபி. பின் ஒலியும் சேர்ந்தால் 18 ஜிபி. 16 ஜிபி இயந்திரத்தில் இது எப்படி நுழையும்? இயங்குதளத்துக்கே 2, 3 ஜிபி விட்டுவைக்க வேண்டும். ரேம் போதாமல் டிஸ்கிலிருந்து பக்கம் பக்கமாக எடுக்க ஆரம்பித்தால் ஸ்வரங்கள் திணறும். அந்த நிலைக்கு விட்டுவிடாதீர்கள்.

எதைக் குறைப்பது என்பதில் வரிசை உண்டு. கிராண்ட்ஆர்க்கில் ஆர்கனைத் திறந்து ஆர்கன் அமைப்புகள் பெட்டிக்குள் போனால் ரேங்க் வாரியாக மாற்றலாம்.

முதலில் பின் ஒலி ரேங்குகள் எல்லாவற்றையும் தேர்ந்து 16 பிட், ஒரே ஒரு ரிலீஸ் என்று வையுங்கள். குழாய்க்கு 11 நொடி, நொடிக்கு 1,92,000 பைட். 1500 குழாய்க்கு சுமார் 3.2 ஜிபி. முன் ஒலியை முழுதாக வைத்தாலும் மொத்தம் 12.2 ஜிபி. இறுக்கம்தான், ஆனால் ஏறிவிடும். ஹெட்போனில் மட்டும் வாசிப்பவர் பின் ஒலியை ஏற்றாமலே விட்டாலும் பெரிதாக எதையும் இழக்க மாட்டார்.

முன் ஒலியின் மூன்று ரிலீஸை மட்டும் கடைசி வரை காப்பாற்றுங்கள். கட்டையை ஒரு கணம் தொட்டு எடுக்கும்போது கட்டடம் முழுதாக அதிர்ந்திருக்காது. அதற்காகத்தான் குறுகிய, நடுத்தர, நீண்ட ரிலீஸ்களைத் தனித்தனியாகப் பதிவுசெய்கிறார்கள். நீண்டது மட்டும் இருந்தால் ஸ்டக்காட்டோ ஒவ்வொன்றுக்கும் முழு எதிரொலி கிளம்பும். வேகமான ஃபியூகில் குரல்கள் சேறாகிவிடும். ஒற்றை ரிலீஸ் தவிர வழியில்லை என்றால் ரிலீஸை அளவுக்கேற்பக் குறைக்கும் தேர்வு கிராண்ட்ஆர்க்கில் உண்டு, அதைப் போட்டுவையுங்கள்.

அமைப்பை மாற்றியபின் ஆர்கனை மறுபடி ஏற்ற வேண்டும். ஏறியதும் கேஷ் உருவாக்கிக்கொண்டால் அடுத்த முறை சீக்கிரம் திறக்கும். ஓடிஎஃப்பையோ அமைப்பையோ தொட்டால் அந்தக் கேஷ் செல்லாது. இழப்பில்லாச் சுருக்கம் ரேமை மிச்சப்படுத்தும். வாசிக்கும்போது பிராசஸருக்கு வேலை கூடும். 4 கோரில் வெடிப்பு ஏற்கெனவே இருப்பதால் ரேம் போதும் என்றால் அதைப் போட வேண்டாம்.

இனி வெடிப்பு. முதலில் அது என்ன சத்தம் என்று பிரித்துப் பாருங்கள். மொத்த ஒலியளவை 10 டெசிபல் குறைத்து அதே பத்தியை வாசியுங்கள். சத்தம் மறைந்தால் அது கிளிப்பிங், அதாவது எல்லா ஸ்டாப்பும் சேர்ந்து உச்ச அளவைத் தாண்டுகிறது. குறைத்தபடியே வைத்துவிட்டு ஆம்பிளிஃபயரில் கூட்டிக்கொள்ளுங்கள். மறையாவிட்டால் பிராசஸர் திணறுகிறது.

ஏன் திணறுகிறது? 14 ஸ்டாப், கையில் 8 ஸ்வரம்: 112 குழாய். அரை நொடிக்கு ஒரு கோர்டு மாறி, எதிரொலி 4 நொடி நீடித்தால் முந்தைய 8 கோர்டுகளின் வாலும் கூடவே ஓடும். 1000 குரல் ஆகிவிடுகிறது, கப்ளர் போட்டால் இன்னும் மேலே. ஸ்டாப் எண்ணிக்கை அல்ல, வால்தான் பிராசஸரைத் தின்கிறது. எதிரொலியில்லாத உலர் செட்டில் இதே இயந்திரம் அசராது.

செய்ய வேண்டியவை: பஃபரை 512 ஆக்குங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 256 என்பது 5.3 மில்லிநொடி, 512 என்பது 10.7. ஒலி அந்த 10.7 மில்லிநொடியில் காற்றில் சுமார் 3.7 மீட்டர் போகும்; உண்மையான ஆர்கனில் குழாய் அதைவிடத் தள்ளியே இருப்பதுண்டு. 1024க்குப் போனால் 21 மில்லிநொடி. விரல் அதை உணர ஆரம்பிக்கும். விண்டோஸில் ஆசியோ என்ற தாமதம் குறைந்த ஒலி டிரைவர் வழியாக வெளியீடு, வெளியீட்டு விகிதம் செட்டின் விகிதத்தோடு ஒன்று, பவர் பிளான் முழுத் திறன், வாசிக்கும் நேரத்தில் வைஃபை அணைப்பு. அப்படியும் போகாவிட்டால் பாலிஃபனி (ஒரே நேரத்தில் ஒலிக்கும் குரல்களின் எண்ணிக்கை) உச்சவரம்பைப் படிப்படியாக இறக்குங்கள். வரம்பு நெருங்கும்போது மங்கிக்கொண்டிருக்கும் வால்கள்தான் முதலில் வெட்டப்படும். முழு ஸ்டாப் நெரிசலில் அது காதில் விழாது.


பெடல்36:

நாலாவது கேள்வியில் மூன்று தனிச் சிக்கல் இருக்கிறது.

பெடல்: மிடியைத் தொடும் முன் எந்த ஸ்டாப்பை இழுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பெடலின் அடித்தளம் 16 அடி ஸ்டாப் (அடி என்பது குழாய் நீளம்; கூடினால் ஒலி ஆழமாகும்). 8 அடி மட்டும் இழுத்திருந்தால் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட ஒரு ஆக்டேவ் மேலேதான் ஒலிக்கும், அது பிழையல்ல. 16 அடி இழுத்தும் அப்படியே என்றால் மிடி மானிட்டரில் கீழ் சி கட்டையை அழுத்திப் பாருங்கள். மிடி ஸ்வர எண் 36 வர வேண்டும். 30 கட்டைக்கு 36 முதல் 65 வரை. 48 வந்தால் பெடலின் மிடி பலகையிலேயே ஆக்டேவ் மாற்ற முடியுமா பாருங்கள். முடியாவிட்டால் பெடலின் மிடி பெறும் அமைப்பில் 12 கீழே தள்ளுங்கள். இரண்டு இடத்திலும் மாற்றினால் கீழ் ஆக்டேவ் முழுதும் எல்லைக்கு வெளியே போய் ஊமையாகிவிடும்.

மேனுவலின் 5 கட்டை: 61 கட்டை 36 முதல் 96 வரை. மூல ஆர்கனில் 56 கட்டை என்றால் 91இல் முடிந்துவிடும், மேலே குழாயே கிடையாது. பழைய ஆர்கன்களில் கீழ் ஆக்டேவில் சி ஷார்ப் போன்ற சில ஸ்வரங்களும் இருக்காது. சில செட்டுகளில் பக்கத்துக் குழாயின் சுருதியை ஏற்றி நீட்டிய வடிவமும் சேர்த்துத் தருவார்கள். ஃபோல்டரில் இரண்டாவது ஓடிஎஃப் இருக்கிறதா பாருங்கள்.

ஸ்வெல் பெடல்: மானிட்டரில் சிசி (பெடல் நிலையைச் சொல்லும் மிடி செய்தி) 11 அல்லது சிசி 7 எண் பெடலோடு எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். கால்வாசியில் 100ஐத் தாண்டி, மீதித் தூரத்துக்கு 127 வரை மெல்ல ஊர்ந்தால் உள்ளே இருப்பது ஒலியளவுக்கான லாக் பொட்டென்ஷியோமீட்டர் (சீராக அல்லாமல் மாறும் மின்தடை). நேர்கோட்டு வகையாக மாற்றுவதுதான் முறையான தீர்வு. எண் தாறுமாறாகக் குதித்தால் டிஆர்எஸ் (மூன்று தொடர்புள்ள) பிளக்கில் டிப், ரிங் இணைப்பு மாறியிருக்கும். உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் அது வேறுபடும். எண் 0, 127 இரண்டையும் எட்டாமல் நடுவில் நின்றால் மட்டும் கிராண்ட்ஆர்க்கில் கீழ், மேல் மதிப்பை மாற்றிச் சரிசெய்யலாம்.

மூன்று சாதனத்துக்கும் தனித்தனி மிடி சேனல் கொடுத்துவிடுங்கள். பழைய ஆர்கனின் ஸ்டாப் கட்டைகளையும் பின்னால் இணைக்க எண்ணம் இருந்தால், அவற்றில் பல சிசெக்ஸ் (உற்பத்தியாளருக்கே உரிய மிடி) செய்தி அனுப்பும்; மலிவான யூஎஸ்பி மிடி கேபிள்கள் நீண்ட சிசெக்ஸை விழுங்கிவிடும்.


இரட்டைமேனுவல்:

மூவருக்கும் நன்றி. பெடல் 48இல் தொடங்கியது, தள்ளியதும் சரியாகிவிட்டது. 512 பஃபரில் வெடிப்பு நின்றது. 30 ரேங்க் செட் 12 ஜிபிக்குள் ஏறிவிட்டது. ஹௌப்ட்வெர்க் செட் பூட்டியது, விட்டுவிட்டேன்.

புதிதாக இரண்டு. அதே செட்டை லினக்ஸில் திறந்தால் சில ஃபைல்கள் கிடைக்கவில்லை என்கிறது, விண்டோஸில் இல்லாத பிழை. இன்னொன்று: ஒரு குழாயின் ஆரம்பத்தில் இருந்த இரைச்சலை எடிட்டரில் நீக்கிச் சேமித்தேன். இப்போது அந்தக் கட்டையை அழுத்திப் பிடித்தாலும் ஒலி சில நொடியில் நின்றுவிடுகிறது.


காற்றுப்பெட்டி:

லினக்ஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்க்கும், விண்டோஸ் பார்க்காது. ஓடிஎஃப்பில் பெரிய எழுத்தில் தொடங்கும் ஃபோல்டர் பெயர் டிஸ்கில் சிறிய எழுத்தில் இருந்தால் போதும், கோப்பு இல்லை என்றாகிவிடும். பிழைப் பட்டியலில் வரும் பாதையை டிஸ்கில் உள்ளதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஓடிஎஃப்பின் நகலில் தேடி மாற்றுங்கள். நூற்றுக்கணக்கான வேவ் ஃபைல்களின் பெயரை மாற்றப் போகாதீர்கள். பாதையில் உள்ள பின்சாய்வுக் கோட்டைத் தொட வேண்டாம், கிராண்ட்ஆர்க்கில் அதுதான் முறை, லினக்ஸிலும்.

வேவ் விஷயம்: ஒலி மட்டுமல்லாமல் லூப் (ஒலி நீளத் திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ரிலீஸ் எங்கே தொடங்குகிறது, குழாயின் துல்லியமான சுருதி என்ன என்ற தகவல்களும் அதே ஃபைலுக்குள் தனிப் பகுதிகளாக இருக்கின்றன. பொது எடிட்டர்கள் பல, சேமிக்கும்போது அவற்றைக் கழித்துவிடுகின்றன. லூப் குறி போனதால்தான் ஒலி நிற்கிறது. சுருதித் தகவலும் போயிருந்தால் டெம்பரமென்ட் (சுருதி ஒழுங்கு) மாற்றும்போது அந்த ஒரு குழாய் மட்டும் விலகி ஒலிக்கும். மூல ஃபைலைத் திரும்பப் போட்டுவிட்டு, லூப் குறிகளைக் காக்கும் எடிட்டரில் செய்யுங்கள். இன்னும் ஒன்று: ஆரம்பத்தில் நீங்கள் வெட்டிய அளவுக்கு லூப் குறிகளும் முன்னால் நகர வேண்டும். 2,400 சாம்பிள் வெட்டினால் ஒவ்வொரு குறியிலும் 2,400 கழிக்க வேண்டும்; இல்லையென்றால் லூப் திரும்பும் ஒவ்வொரு முறையும் டிக் என்று கேட்கும். நீளத்தை மாற்றாமல் இரைச்சல் உள்ள பகுதியின் ஒலியளவை மட்டும் இறக்கினால் இந்தக் கணக்கே வராது.