அப்பா ஹாலுக்கு ரெண்டு ஸ்பீக்கரா, ஆறா?

குழு: அப்பா ரிட்டயர்மென்ட் பரிசு

வியாழன், இரவு

நான்: எல்லாரும் போட்டது 90,000 சேர்ந்துடுச்சு. தரையில நிக்கற உயரமான டவர் ஸ்பீக்கர் ஒரு ஜோடியா, இல்ல சுத்தி அஞ்சு பெட்டியும் கீழ்ச் சத்தத்துக்கு ஒரு சப்வூஃபரும் வெக்கிற 5.1 சரவுண்டான்னு இன்னைக்கு முடிவு பண்ணிடலாம். அப்பாவை இந்த குரூப்ல யாரும் சேர்த்துடாதீங்க.

தம்பி: 5.1 தான் அண்ணா. படத்துல மழை பேஞ்சா நம்ம முதுகுப் பக்கம் பேயும். ஒரே அட்டைப் பெட்டியில எல்லாமே வந்துடுது.

அக்கா: அப்பா எப்படா படம் பாத்தாரு? விடியக்காலம் எந்திரிச்சு போன்ல நாதஸ்வரம் வெச்சு காதோரம் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. அதுல தவில் தகர டப்பாவத் தட்டுற மாதிரி கேக்கும். எனக்கு அதைப் பாக்கவே கஷ்டமா இருக்கும்.

அத்தான்: ஒரு செட்டுல 1000 வாட்ஸ்னு போட்டிருந்துச்சு. டவர்ல 100 தான். அவ்வளவு வித்தியாசமா?

பெரிய மாமா: அந்த ஆயிரம் பிஎம்பிஓ கணக்கு மாப்பிள்ளை. கண் சிமிட்டுற நேரத்துக்கு வர்ற உச்சத்தை எழுதிடுவாங்க. தொடர்ந்து குடுக்கற ஆர்எம்எஸ் எவ்வளவுன்னு கேளுங்க. ஸ்பீக்கர்ல 88 டெசிபல்னு போட்டிருந்தா, ஒரு வாட் குடுத்தா ஒரு மீட்டர் தள்ளி அவ்வளவு சத்தம் வரும்னு அர்த்தம். வீட்டு ஹாலுக்கு ரெண்டு மூணு வாட்லயே வேலை முடிஞ்சுடும்.

பெரிய மாமா: நான் முப்பது வருஷம் மைக் செட் ஓட்டினவன். எந்த ஊர் கல்யாணத்துக்குப் போனாலும் முதல்ல பந்தலைச் சுத்தி நடந்து பாத்துட்டுத்தான் பாக்ஸை வண்டியிலேருந்து இறக்குவேன். ஹாலை டேப் வெச்சு அளந்து அனுப்புடா. யார் எங்க உக்காருவாங்கன்னும் எழுது.

தம்பி: அகலம் 11 அடி, நீளம் 16 அடி. டிவி நீளச் சுவர்ல. சோபா எதிர்ச் சுவரை ஒட்டி. சோபாவுக்கு இடது பக்கம் அடுப்படி வாசல், அதை ஒட்டி அம்மாவோட பிரம்பு நாற்காலி. வலது பக்கம் மாடிப்படி.

பெரிய மாமா: பின் ஸ்பீக்கரை எங்கடா வெப்ப? மூக்குக்கு நேரா பூஜ்யம்னா, அது ரெண்டும் 110 டிகிரியில வரணும். காதுக்குக் கொஞ்சம் பின்னால. சோபா சுவரோட ஒட்டிக்கிடக்கு. பக்கத்துல ஸ்டாண்ட் போட்டா, இடது ஸ்பீக்கர் நேரா உங்கம்மா காதுல நிக்கும். அவளுக்குப் படம் பூரா அந்த ஒரு பெட்டிதான் கேக்கும்.

தம்பி: வயர்லெஸ் இருக்கே மாமா. சுவர்ல எங்க வேணாலும் மாட்டலாம்.

பெரிய மாமா: பாட்டு வர்றதுக்குத்தான் வயர் வேணாம். கரண்ட்டுக்கு பிளக் பாயிண்ட் வேணுமே. மாடிப்படி பக்கம் இருக்கா?

தம்பி: இல்ல.

பெரிய மாமா: அப்புறம் இன்னொண்ணு. உங்கப்பா கேக்குறது முக்கால்வாசி நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை. அவர் 1956ல போயிட்டாரு. இடது, வலதுன்னு ரெண்டு சேனல் இருக்கற ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்ததே 1958ல. அவர் வாசிச்சதெல்லாம் ஒரே சேனல்தான். ஆறு பெட்டி வெச்சாலும் அதுல இருக்கறது அவ்வளவுதான். அதையே நல்லதா ரெண்டு பெட்டியில விட்டு, நடுவுல நேரா உக்காந்தா, ரெண்டுக்கும் மத்தியில ஆள் நின்னு வாசிக்கிற மாதிரி இருக்கும். நான் கேட்டிருக்கேன், அதனால சொல்றேன்.

அக்கா: இதுக்கு மேல என்னடா யோசனை?

தம்பி: நாளைக்குத் திருச்சி போறேன். கடையில ரெண்டையும் கேட்டுட்டுச் சொல்றேன். அப்பா பாட்டை பென் டிரைவ்ல எடுத்துட்டுப் போறேன்.

வெள்ளி, மாலை

தம்பி: கேட்டுட்டேன். முதல்ல கடைக்காரர் ஹெலிகாப்டர் சத்தம் போட்டுக் காமிச்சாரு. நம்மளைச் சுத்தி வந்துச்சு, நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் அதே 5.1ல அப்பா வெச்சிருக்கற கோயில் மல்லாரியைப் போடச் சொன்னேன். சின்னப் பெட்டி ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலம்தான். தவிலோட வலந்தலை, அதான் விரலால வாசிக்கிற வலது பக்கம், மேல டிவிகிட்ட கேக்குது; குச்சியால அடிக்கிற இடது பக்கம் தொப்பி தரையில மூலையிலேருந்து தும் தும்னு தனியா வருது. ஒரு தவிலை ரெண்டு பேர் ரெண்டு இடத்துல வாசிக்கிற மாதிரி.

பெரிய மாமா: அது சப்வூஃபர். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கற தாழ்ந்த சத்தம்னா எங்கிருந்து வருதுன்னு காதுக்குப் பிடிபடாது. ஆனா அவ்வளவு சின்னப் பெட்டியால கீழ இறங்க முடியாது. 150 ஹெர்ட்ஸ் வரைக்கும் சப்வூஃபர் தலையில கட்டிடுவாங்க. அப்போ திசை தெரிஞ்சுடும்.

தம்பி: டவர்ல போட்டதும் தவில் ஒண்ணாயிடுச்சு மாமா. வலந்தலையில கூடு போட்ட விரல் படுற டிக் டிக், இந்தப் பக்கம் குச்சி அடி, எல்லாம் ஒரே ஆள்கிட்டேருந்து வந்துச்சு. நாயனக்காரர் மூச்சு இழுக்கறது கேட்டுச்சு. அதை அப்பா கேக்கணும். நான் டவருக்கு வந்துட்டேன்.

அம்மா: நான் ஒண்ணு கேக்கலாமா. எனக்கு சீரியல்ல பேசறது இப்பல்லாம் புரியல. சத்தம் வெச்சா நடுவுல மியூசிக் வந்து காதக் கிழிக்குது. அப்பாவுக்கு வாங்குறது. இருந்தாலும் கேட்டேன்.

நான்: ஏம்மா இவ்வளவு நாள் சொல்லல?

பெரிய மாமா: நல்ல வேளை கேட்டே பாப்பா. ரெண்டு டவர் மட்டும் வெச்சா உனக்குப் பேச்சு இடது டவர்லேருந்துதான் வரும், நீ அதுக்குப் பக்கத்துல இருக்கற. டிவிக்குக் கீழ நடு ஸ்பீக்கர் ஒண்ணு வேணும். சினிமாவுல, ஓடிடியில பேச்சு முக்கால்வாசி அதுலதான் வரும். சீரியல் சத்தம் இடது, வலதுன்னு ரெண்டு சேனல்ல வந்தாலும், ஸ்பீக்கரையெல்லாம் ஓட்டுற ரிசீவர்ல ஒரு மோடு இருக்கு, பேச்சைப் பிரிச்சு நடுவுக்குத் தள்ளும். அதை மட்டும் தனியாக் கூட்டிக்கலாம், மியூசிக் சத்தம் ஏறாது.

அக்கா: அப்போ நடு ஸ்பீக்கர் கண்டிப்பா வேணும். பணம் பத்தலன்னா நான் போடறேன்.

தம்பி: விலை கேட்டு வெச்சிருக்கேன். டவர் ஜோடி 42,000. ரிசீவர் 34,000. அதே கம்பெனி, அதே வரிசை நடு ஸ்பீக்கர் 13,000. மொத்தம் 89,000. ரிசீவர் 5.1 வகைதான், பின்னாடி வேணும்னா ரெண்டு சேத்துக்கலாம்.

பெரிய மாமா: அதே வரிசையில வாங்குறதுதான் சரி. இல்லன்னா ஒரே குரல் நடுவுல ஒரு மாதிரி, ஓரத்துல ஒரு மாதிரி கேக்கும். வயர் வாங்காத. 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் என்கிட்ட ஒரு சுருள் கிடக்கு, கொண்டு வர்றேன். இப்ப ஹால் நடுவுல நின்னு ஒரு தடவை கை தட்டு.

தம்பி: டங்ங்னு இழுக்குது. மொட்டைச் சுவர், டைல்ஸ் தரை.

பெரிய மாமா: அதோட விட்டா எவ்வளவு காசு போட்டாலும் நாயனம் கேட்டா காது கூசும்.

அம்மா: பரண்மேல பவானி ஜமுக்காளம் ரெண்டு இருக்கு. உங்க அக்கா கல்யாணத்துக்கு வாங்கினது.

தம்பி: எடுத்து மடிச்சுப் போட்டுத் தட்டினேன். பாதி அடங்கிடுச்சு! ஜன்னலுக்குத் தடிச்ச துணி ஸ்கிரீன் போட்டா இன்னும் குறையும்.

அக்கா: ஸ்கிரீன் என் செலவு.

ஞாயிறு, மாலை

தம்பி: அப்பா சாரங்கபாணி கோயிலுக்குப் போயிருக்காரு. டவரை 8 அடி இடைவெளியில, பின் சுவர்லேருந்து ஒன்றரை அடி தள்ளி வெச்சாச்சு. சோபாவுக்கும் 8 அடி. ஆனா கடையில கேட்ட மாதிரி இல்ல மாமா. தொப்பிச் சத்தமே இல்ல. நாயனம் எங்கேருந்து வருதுன்னே தெரியல. மாத்திக் குடுத்துட்டாங்களோ?

பெரிய மாமா: பஸ்ல இருக்கேன். சிவப்பு, கறுப்பு ரெண்டு டவர்லயும் ஒரே மாதிரி மாட்டியிருக்கியா? ஒண்ணு மாறியிருந்தா, ஒரு ஸ்பீக்கரோட அதிர்ற கோன் முன்னால வரும்போது இன்னொண்ணு பின்னால போகும். கீழ்ச் சத்தத்தை ஒண்ணை ஒண்ணு தின்னுடும்.

தம்பி: வலது டவர்ல மாறியிருக்கு. மாத்திட்டேன்.

தம்பி: வந்துடுச்சு மாமா!! தரையில கால் வெச்சா தவில் தெரியுது.

பெரிய மாமா: அம்மா நாற்காலியில நீ உக்காந்து செய்தி போட்டுக் கேளு. பேச்சு டிவிகிட்டேருந்து வருதா?

தம்பி: நேரா டிவியிலேருந்து. நடு ஸ்பீக்கர் சத்தத்தை 3 கூட்டி வெச்சேன்.

நான்: அப்பா வந்துட்டாரா?

அக்கா: யாராவது சொல்லுங்களேன்.

அக்கா: அம்மா?

அம்மா: வந்துட்டாரு. செருப்பைக் கழட்டுனவரு வாசல்லயே நின்னுட்டாரு. தம்பி கையப் பிடிச்சு சோபா நடுவுல உக்கார வெச்சான். தோடி ராகம் ஓடுது. கண்ண மூடி இருக்காரு, தொடையில தாளம் போடறாரு. போன் பண்ணாதீங்க. நான் குக்கர் கூட வைக்கல, விசில் வரும்.