சாஃப்ட் டாப்புக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்குள்

பாளையங்கோட்டையிலிருந்து, திங்கள் காலை

குழுவினருக்கு வணக்கம். மேற்கூரையைத் திறந்து மூடும் கார்களின் துணி டாப்பை, அதாவது சாஃப்ட் டாப்பை, கழுவிப் பாதுகாப்பது எப்படி என்று ஒரு கையேடு மொழிபெயர்ப்புக்கு வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை அனுப்பியாக வேண்டும். முதல் வரைவில் சாஃப்ட் டாப்பை ‘மென்கூரை’ என்று போட்டிருந்தேன். நேற்று ஜங்ஷன் பக்கம் வாட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கும் தம்பிக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்டினேன். “மென்கூரைன்னா மெல்லிசுத் தகரமா அண்ணாச்சி?” என்று கேட்டான்.

அதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. இது தகரம் இல்லை என்பதுதான் அந்தக் கையேட்டின் உயிர். தகரத்தைக் கழுவும் பிரஷர் கன்னைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தால் தையல் விட்டுப்போகும். பெயிண்டுக்குப் போடும் வாக்ஸைத் தேய்த்தால் இழைக்குள் வெள்ளை வெள்ளையாக நிற்கும். பெயரைக் கேட்டதுமே கழுவுகிறவன் கை கொஞ்சம் தயங்க வேண்டும். அப்படி ஒரு சொல் சொல்லுங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து, திங்கள் மாலை

தம்பி, மென்கூரை ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது. அதை விட்டதே நல்லது. விதானம் வடசொல். மேற்கட்டி நல்ல தமிழ்தான், ஆனால் கோயிலையும் சப்பரத்தையும் விட்டு வெளியே வராது. நான் சொல்வது ‘கவிகை’. ‘கவிகைக்கீழ்த் தங்கும் உலகு’ என்று குறள் 389இல் இருக்கிறது. அங்கே அது அரசனின் குடை. கவிதல் என்றால் வளைந்து மூடுதல். வேண்டும்போது கவிந்து, வேண்டாதபோது மடங்கும் கூரைக்கு இதைவிடப் பொருத்தமான வேர் உண்டா? முப்பத்தைந்து வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் கேட்கிறேன்.

மேலப்பாளையத்திலிருந்து, திங்கள் இரவு

ஐயா, நான் ஜீப்புக்கும் ஆட்டோவுக்கும் டாப் தைக்கிறவன். என் கடைக்கு யாரும் கவிகை கிழிந்துவிட்டது என்று வரமாட்டார்கள். ரெக்சின் டாப், கேன்வாஸ் டாப், அவ்வளவுதான். லாரிக்காரர்கள் படுதா, தார்ப்பாய் என்பார்கள். எங்கள் வாப்பா காலத்தில் கித்தான் என்றார்கள். ‘கித்தான்கூரை’ என்று வையுங்களேன். கேட்ட உடனே புரியும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து, செவ்வாய் காலை

கித்தான் அரபுச் சொல். கத்தான் என்றால் அங்கே ஆளிநார்த் துணி. கலைச்சொல் என்று ஒன்று புதிதாகப் படைக்கும்போது, தமிழில் வேர் இருக்கக் கடன் வாங்குவானேன்?

மேலப்பாளையத்திலிருந்து, செவ்வாய் மதியம்

மரியாதையோடு சொல்கிறேன் ஐயா. அரபுச் சொல் காயல்பட்டினத்தில் இறங்கி எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. அதைப் பேசும் நாங்களும் தமிழர்தான். ஆனால் வேறொரு காரணத்துக்காக என் சொல்லை நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இப்போது வரும் நல்ல டாப் துணியில் ஆளிநாரும் இல்லை, பருத்திக் கித்தானும் இல்லை. மேலே அக்ரிலிக் நெசவு, நடுவில் பியூட்டைல் ரப்பர், உள்பக்கம் லைனிங் என்று மூன்றடுக்கு. கித்தான் என்றால் பொருள் தப்பாகிவிடும்.

பேட்டையிலிருந்து, செவ்வாய் இரவு

ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் பிரிவுக்குப் பாடம் எடுக்கிறேன். என் வோட்டு ‘மடிகூரை’க்கு. மடித்த, மடிக்கின்ற, மடிக்கும் கூரை என்று முக்காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. அதனால் நடுவில் ‘க்’ போடக் கூடாது. ‘மடிக்கூரை’ என்று எழுதினால் மடியில் இருக்கும் கூரை ஆகிவிடும். துணியா ரெக்சினா என்ற சண்டையும் இதில் வராது.

பாளையங்கோட்டையிலிருந்து, செவ்வாய் இரவு

சார், சொல் அழகாக இருக்கிறது. ஆனால் இரும்புக் கூரையே மடிந்து டிக்கிக்குள் போகும் கார்களும் இருக்கின்றனவே. மடிகூரை என்றால் அதுவும் அடங்கும். அதற்கு வாக்ஸ் போடலாம், இதற்குப் போடக் கூடாது. என் கவலை அங்கேயேதான் நிற்கிறது.

தென்காசியிலிருந்து, புதன் காலை

எல்லோரும் எங்கெங்கோ போகிறீர்கள். ‘துணிக்கூரை’ என்றால் என்ன குறை? துணி என்று காதில் விழுந்ததும் யாருக்கும் மூன்று விஷயம் தானாகவே தெரியும். முரட்டு பிரஷ்ஷால் தேய்க்கக் கூடாது. பிளீச்சிங் ஊற்றக் கூடாது. ஈரத்தோடு மடித்து வைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் பத்தமடைப் பாயைத் துடைத்துவிட்டு ஈரம் காயும் முன்னே சுருட்டினால் அம்மாவிடம் அடி விழும். நான்கு நாளில் கறுப்புப் புள்ளியாகப் பூசணம் பிடித்துவிடும். குற்றாலச் சாரலில் ஜீப்பை நனைய விட்டு, வீட்டுக்கு வந்ததும் டாப்பை மடித்துப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாய்க்கு வருவதுதான் அதற்கும் வரும். நூறு வரி எழுதிப் புரியவைக்க வேண்டியதை அந்த ஒரு சொல்லே செய்துவிடும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து, புதன் மதியம்

அம்மா, நீங்கள் துணி என்றதும் எனக்கு வேறு ஒரு கதவு திறந்துவிட்டது. துணித்தல் என்றால் வெட்டுதல். தறியிலிருந்து துணித்து எடுப்பதால் துணி. அறுத்து எடுப்பதால் அறுவை. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்ற சங்கப் புலவர் துணி வணிகர்தான். கூறு போட்டு எடுப்பதால் கூறை. கல்யாணக் கூறைப்புடவை அந்தக் கூறைதான், மாயவரத்துப் பக்கத்துக் கூறைநாடும் அதுதான். மூன்று சொல்லுக்கும் பிறப்பு ஒரே வெட்டில்! சொல்லாராய்ச்சி அறிஞர் தேவநேயப் பாவாணர் பிறந்த சங்கரன்கோவில் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது இதையெல்லாம் பேசாமல் எப்படி இருப்பது? ஆகவே ‘கூறைக்கூரை’ என்று வைக்கலாம். துணியும் வந்தது, கூரையும் வந்தது, பழந்தமிழும் வந்தது.

பேட்டையிலிருந்து, புதன் மாலை

ஐயா, நீங்கள் சொன்ன வேர் மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டேன். ஆனால் வகுப்பில் அதைச் சொன்னால் பையன்கள் காதில் கூரைக்கூரை என்றுதான் விழும். நம் பேச்சில் றகரமும் ரகரமும் பிரிந்து நிற்பதில்லை. துணிக்கூரையில் எனக்கு ஒரே தடைதான். ரெக்சினைத் துணி என்பீர்களா?

மேலப்பாளையத்திலிருந்து, புதன் இரவு

ரெக்சினைத் திருப்பிப் பாருங்கள் சார், பின்பக்கம் துணிதான் இருக்கும். துணிமேல் பிவிசி பூசியது அது. ஆனால் பராமரிப்பு வேறு. துணிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை ரெக்சின் குடிக்காது. அதற்கு வெயில் தாங்குகிற பூச்சு வேண்டும். கையேட்டில் ‘ரெக்சின் கூரை’ என்று தனியாகப் பிரித்துவிடுங்கள்.

இன்னொன்று. நீங்கள் அனுப்பிய பக்கத்தில் எல்லா இடத்திலும் ‘நீர்புகா’ என்று இருக்கிறது. அது தப்பு. நீரைப் புக விடாமல் தடுப்பது நடுவில் இருக்கும் ரப்பர். மேலே அடிக்கும் ஃப்ளோரோபாலிமர் ஸ்ப்ரே செய்வது வேறு வேலை, நீரை ஒட்ட விடாது. சேம்பிலையில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், உருண்டு ஓடும். துணியிலும் தண்ணீர் முத்து முத்தாக நின்றால் பூச்சு உயிரோடு இருக்கிறது. பரவி, துணி கறுத்தால் பூச்சு போய்விட்டது, கழுவிக் காயவைத்து மறுபடி அடிக்க வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லில் எழுதினால், ஸ்ப்ரே அடித்தால் ஓட்டை அடைபடும் என்று ஆட்கள் நம்பிவிடுவார்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து, வியாழன் காலை

அருமை. அப்படியானால் இது ‘நீரொட்டாப் பூச்சு’. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பின்னால் வல்லினம் மிகும், ஓடாக் குதிரை போல. ‘நீர்புகாத் துணி’க்கும் ‘த்’ உண்டு, விட்டுவிடாதீர்கள் தம்பி. சேம்பிலை சொன்னவருக்கு என் வணக்கம். நான் தாமரையிலையோடு நின்றிருப்பேன்.

பாளையங்கோட்டையிலிருந்து, வியாழன் இரவு

எல்லோருக்கும் நன்றி. கையேட்டில் ‘துணிக்கூரை’ என்றே மாற்றிவிட்டேன். நான்கு பேர் அதற்குச் சரி என்றார்கள், அதில் இரண்டு பேர் இனி மடல் போடாதீர்கள் என்பதற்காகச் சொன்னார்கள். நீரொட்டாப் பூச்சும் நீர்புகா அடுக்கும் தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. அதுதான் இந்த வாரம் எனக்குக் கிடைத்த பெரிய லாபம். ஸ்ப்ரே அடிக்கும் முன் கண்ணாடியையும் பெயிண்டையும் மூடிவிடு என்ற வரியையும் முன்னால் கொண்டுவந்திருக்கிறேன்.

பேட்டையிலிருந்து, வியாழன் இரவு

உங்கள் கையேட்டுக்குத் துணிக்கூரை சரிதான். என் கரும்பலகையில் மடிகூரைதான் இருக்கும். அதற்குள் துணிக்கூரை, தகரக்கூரை என்று இரண்டு கிளை போட்டுக்கொள்கிறேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து, வெள்ளி காலை

கவிகையை நான் விடவில்லை. பதிவில் இருக்கட்டும்.

தென்காசியிலிருந்து, வெள்ளி காலை

தம்பி, அனுப்புவதற்கு முன் ஆறாம் பக்கத்தைப் பாருங்கள். பழைய டாப்புகளில் பின்னால் இருப்பது ஒளி தெரியும் பிளாஸ்டிக். நீங்கள் ‘பின்கண்ணாடி’ என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணாடி என்று படித்தால் கண்ணாடி துடைக்கிற அமோனியா மருந்தை அடித்துத் தேய்ப்பார்கள், அது மங்கிப்போகும். அதற்கு என்ன சொல்லலாம்?